பள்ளிக்கு வந்த பிள்ளை ஏன் வாசிக்கத் தடுமாறுகிறது?

தொடக்கக் கல்வி பற்றிய ஆய்வறிக்கை வெளியாகும் நாளில் இரண்டு தலைப்புச் செய்திகள் அருகருகே வரும். ஒன்று, நாட்டின் கிராமப்புறங்களில் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளில் 98 சதவீதம் பேர் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள் என்பது. மற்றது, மூன்றாம் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்பது. ஏதோ ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டும் உண்மை. அவை அளக்கும் பொருள்தான் வேறு.

முதலில் நான்கு சொற்கள்

சேர்க்கை என்பது பதிவேட்டில் பெயர் இருப்பது. வருகை என்பது குறிப்பிட்ட நாளில் பிள்ளை வகுப்பில் இருப்பது. தக்கவைத்தல் என்பது முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இடையில் நிற்காமல் ஐந்தாம் வகுப்பை முடிப்பது. கற்றல் அடைவு என்பது அந்தந்த வகுப்புக்கு உரிய திறன் பிள்ளைக்குக் கைவந்திருப்பது.

நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஆனால் அரசுகள் நீண்டகாலம் முதல் கண்ணியை மட்டுமே எண்ணின. எண்ணுவதற்கு எளிது என்பதுதான் காரணம். பதிவேட்டைப் புரட்டினால் சேர்க்கை தெரிந்துவிடும். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று அறிய அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார வேண்டும்.

கண்ணிகளுக்கு இடையே எவ்வளவு கசிகிறது என்பதற்கு ஒரு கணக்கு. கிராமப்புறங்களில் நடத்தப்படும் அசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, ஆய்வு நாளில் அரசு தொடக்கப் பள்ளிகளில் இருந்த மாணவர்கள் சுமார் 76 சதவீதம். கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள் என்கிறது. நான்கு நாளில் ஒரு நாள் வராத பிள்ளை ஆண்டுக்கு 50 நாள் பாடத்தை இழக்கிறது. இந்த இழப்பு எல்லோருக்கும் சமமாக விழுவதும் இல்லை. சிலர் பத்து நாள்தான் விடுப்பு எடுப்பார்கள். அறுவடைக் காலத்திலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் நிற்கும் பிள்ளை எண்பது நாள் இழக்கும். சேர்க்கைப் புள்ளிவிவரத்தில் இருவரும் ஒன்றுதான்.

"வாசிக்கத் தெரியவில்லை" என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

அசர், பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஆய்வு. பள்ளியில் அல்ல, வீட்டில் நடக்கும். ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து, தாய்மொழியிலோ பயிற்று மொழியிலோ ஒரு தாளைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வார்கள். தாளில் நான்கு பகுதிகள்: எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு நிலையில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறுகதை. பத்தியில் தொடங்குவார்கள். அது சரளமாக வந்தால் கதை, தடுமாறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. பிள்ளை எந்தப் படியில் வசதியாக நிற்கிறதோ அதுவே அதன் நிலை. கணக்கிலும் அப்படியே: எண்களை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல்.

2024 அறிக்கையில், அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 23.4 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் 44.8 சதவீதம். கொரோனாவுக்குப் பிந்தைய 2022 அறிக்கையில் மூன்றாம் வகுப்புக்கான எண் 16.3 ஆக இருந்தது; எனவே இது ஏற்றம்தான். ஆனால் ஐந்தாம் வகுப்பிலும் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் வகுப்புக் கதையில் தடுமாறுகிறார்கள் என்பது மாறவில்லை.

மத்திய அரசு நடத்தும் அடைவு ஆய்வுகள் வேறு வகை. 2024 டிசம்பரில் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு நடந்த ‘பரக்’ ஆய்வு, பள்ளிக்குள் நடக்கும் பலவுள் தெரிவு வினாத் தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒருமுறை சரியாகும். அன்று பள்ளிக்கு வராத பிள்ளை கணக்கிலேயே வராது. அதனால் ஒரே மாநிலம் ஓர் ஆய்வில் மேலேயும் மற்றதில் கீழேயும் நிற்பது வியப்பில்லை. எந்த ஆய்வு சரி என்று கட்சி பிரிந்து சண்டை போடுவதைவிட, எது எதை அளக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். வாசிப்பின் அடிப்படைக்கு வாய்மொழிச் சோதனைதான் நம்பகமானது.

சேர்க்கையை உயர்த்தியவை

இந்தப் பகுதியில் உலகம் ஓரளவு விடை கண்டுவிட்டது. மூன்று தடைகள்: தூரம், செலவு, பசி.

தூரத்தின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டியது ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் நடந்த ஆய்வு. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கிராமங்களில் ஊருக்குள்ளேயே சிறு பள்ளி தொடங்கியபோது, பெண் பிள்ளைகளின் சேர்க்கை 50 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது; ஆண் பிள்ளைகளுடன் இருந்த இடைவெளி ஏறத்தாழ மறைந்தது. பள்ளி ஒரு மைல் தள்ளிப் போகும்போது சேர்க்கை சுமார் 16 புள்ளிகள் சரிந்தது. இந்தோனேசியா 1973 முதல் 1978 வரை 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியதும், நம் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்பதும் இதே தர்க்கத்தில்தான்.

செலவுத் தடையை நீக்கினால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்க நாடுகளில் பார்க்கலாம். உகாண்டா 1997இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியதும் மாணவர் எண்ணிக்கை சுமார் 31 லட்சத்திலிருந்து 53 லட்சத்துக்குப் பாய்ந்தது. கென்யாவில் 2003இல் 59 லட்சம் 72 லட்சமானது. வெற்றிதான்; ஆனால் ஆசிரியரும் அறையும் அதே வேகத்தில் கூடவில்லை. வந்தவர்களில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி ஏறியவர்கள். அவர்கள் குவிந்த இடம் முதல் வகுப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பசியைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இன் சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என்ற வரிசை தெரிந்ததே. நாடு முழுவதும் சமைத்த மதிய உணவை வழங்க உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளுக்கு நிர்ணயித்த அளவு நாளொன்றுக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். உணவு வருகையை மட்டுமே உயர்த்தும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் மதிய உணவு பெற்ற பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டுக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் அதிகம் என்று இந்தியத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. தட்டில் விழும் சோறு கல்விச் செலவுதான். அதை இலவசம் என்று எழுதும் தலையங்கங்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கற்றல் எந்த இடத்தில் அறுகிறது?

பிள்ளை வந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டது, ஆசிரியரும் இருக்கிறார். அப்புறமும் படிப்பு ஏன் வரவில்லை? இதற்கு விடை முதல் இரண்டு வகுப்புகளில் இருக்கிறது.

தமிழ் வாசிப்பையே எடுத்துக்கொள்வோம். அட்டையைத் தொட்டு "அ, ஆ, இ, ஈ" என்று ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று பெற்றோர் மகிழ்வார்கள். அதே அட்டையில் வரிசை தப்பி ‘ஊ’வைக் காட்டினால், பிள்ளை மறுபடி ‘அ’விலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் விடை சொல்லும். அதற்குத் தெரிந்தது பாட்டு. எழுத்து இன்னும் தெரியவில்லை.

அடுத்தது உயிர்மெய். 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216. துணைக்கால், கொம்பு போன்ற குறிகள் எல்லா மெய்யோடும் ஒரே மாதிரி சேர்வதால், ஒரு குறியைப் பிடித்துவிட்டால் 18 எழுத்துகள் கைக்கு வரும். இரண்டு இடங்களில் மட்டும் சிக்கல். முதலாவது, உகர ஊகார வரிசை: கு, சு, து மூன்றிலும் குறி மூன்று விதம். இங்கே ஒரே குறி என்ற விதி உதவாது. 36 எழுத்துகளையும் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனியே பழக்க வேண்டும். இரண்டாவது, கொம்பு வரிசை. ‘கெ’யில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்கப் பழகிய பிள்ளை ‘கொடி’யைக் ‘கெ... டி’ என்று உடைக்கும். ஆசிரியர் இதைக் கவனக்குறைவு என்று நினைத்தால் திருத்தம் தவறாகப் போகும். கொம்பைக் கண்டதும் அடுத்த எழுத்தையும் அதன் துணைக்காலையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்கப் பழக்குவதே இதற்கு மருந்து.

இவை தனித்தனியாகத் தெரிந்தாலும் போதாது. எழுத்தெழுத்தாக வாசிக்கும் பிள்ளை ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். வரியின் முடிவில் பொருள் எதுவும் மிஞ்சாது. எனவே சரளம் ஓர் அலங்காரமல்ல. எழுத்தைக் கண்டுபிடிக்கும் வேலை தன்னால் நடக்கும் அளவுக்குப் பழகினால்தான் மனம் பொருளின் பக்கம் திரும்பும். அதற்குத் தேவை விளக்கம் அல்ல, தினமும் வாய்விட்டு வாசிக்கும் பயிற்சி.

கணக்கிலும் இப்படி ஓர் ஒடியும் இடம் உண்டு. 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்று கண்டதும், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறார்கள். இது கழித்தல் தெரியாத பிழை அல்ல. 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்ற இடமதிப்பு உருவாகாத பிழை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுத்தால் அதே தவறை இருபது முறை செய்யும். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் பெரும்பாலும் புரிந்துவிடும்.

இப்போது பாடநூலைப் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் புத்தகம், முதல் வகுப்பில் எழுத்து முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. மூன்றாம் வகுப்புப் புத்தகம் பத்தியை வாசிப்பார்கள் என்று நம்புகிறது. எழுத்தில் நின்றுவிட்ட பிள்ளை ஏறவேண்டிய பேருந்து ஒவ்வொரு ஜூனிலும் இன்னும் தூரம் போய்விடுகிறது. ஆசிரியருக்கோ "போர்ஷன்" முடிக்க வேண்டும். அவர் வகுப்பில் முன்னால் இருக்கும் சிலரோடு பாடத்தை நடத்திப் போகிறார். மேலிருந்து கேட்கப்படும் கேள்வி எத்தனை பாடம் முடிந்தது என்பதுதான் என்றால், அவர் வேறு எப்படி நடந்துகொள்ள முடியும்?

கென்யாவில் நடந்த ஒரு பரிசோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடநூல் கொடுத்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. வாசிக்கத் தெரியாத கையில் கொடுத்த புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காகிதம்தான்.

நேரம் போதுமா?

சட்டப்படி ஆண்டுக்கு 800 கற்பித்தல் மணிநேரம். 200 நாளில் வகுத்தால் நாளுக்கு 4 மணி. மாணவர் 60 பேர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் இரண்டு ஆசிரியர்களைத் தருகிறது. அசர் 2024இல் பார்வையிட்ட தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கு மேல் 60க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அப்படியொரு ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை வைத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். 240 நிமிடத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு 80 நிமிடம். நான்கு பாடங்கள். ஒரு பாடத்துக்கு 20 நிமிடம். பத்துப் பேர் இருந்தால் ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிக்கவும் ஆசிரியர் திருத்தவும் இரண்டு நிமிடம்.

இதில் எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல், கூட்டம், வாக்காளர் பட்டியல் பணி எல்லாம் கழியும். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் அது ஓராசிரியர் பள்ளி. 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற சராசரி விகிதத்தைக் காட்டி "ஆசிரியர் போதும்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது.

எது பலன் தந்தது?

ஆசிரியர் வருகையிலிருந்து தொடங்கலாம். 2003இல் நாடு தழுவிய திடீர்ப் பார்வைகளில் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை என்று தெரிந்தது. இராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதியில் சேவா மந்திர் என்ற அமைப்பின் ஓராசிரியர் பள்ளிகளில், நாள்தோறும் நேரம் பதியும் கேமராவில் படம் எடுத்து அதற்கேற்பச் சம்பளம் கொடுத்தபோது, வராத நாள்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகப் பாதியாகின. மதிப்பெண்ணும் உயர்ந்தது. ஆனால் இதை அப்படியே அரசுப் பள்ளியில் செய்ய முடியாது; பதிவு இருந்தால் போதாது, பதிவைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் ஒருவர் வேண்டும்.

அதைவிட முக்கியமான பாடம் நிலைக்கேற்பக் கற்பித்தல். வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில் குழு பிரித்து, தினமும் குறிப்பிட்ட நேரம் அதற்குரிய செயல்பாடு மட்டும் செய்வது. பிரதம் அமைப்பு இதைப் பல மாநிலங்களில் செய்ய, பொருளியலாளர்கள் குலுக்கல் முறை ஆய்வுகளால் அளந்தார்கள். அந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பொருள் உள்ளதாகத் தோன்றுவது பீகாரில் கிடைத்தது. 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே முகாம் நடத்தினார்கள், பிள்ளைகள் முன்னேறினார்கள். பள்ளி திறந்த பின் அதே முறைக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் கொடுத்த இடங்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்ற வாதம் இங்கே உடைகிறது. ஜூனில் முடிந்தது ஆகஸ்டில் ஏன் முடியவில்லை? ஜூனில் பாடத்திட்டம் இல்லை, ஆகஸ்டில் இருந்தது.

ஹரியானாவில் பள்ளி நேரத்திலேயே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்புகளைக் கலைத்துக் குழுவாக்கி, மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தபோது பலன் வந்தது. தமிழ்நாட்டின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு விரிந்தது. அதில் வரும் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள் இந்தக் கருத்தின் வழியில் வந்தவையே. பலவகுப்பு ஆசிரியருக்கு இது ஓர் ஆறுதலும்கூட. மூன்று வகுப்பு, நான்கு பாடம் என்று பன்னிரண்டு துண்டாக உடைவதற்குப் பதில், ஒரு பாடம் மூன்று குழு என்று நேரம் திரளும்.

ஒரு பள்ளியில் இதைச் செய்யும் முறை

1. தொடக்கச் சோதனை. பிள்ளைக்கு ஐந்து நிமிடம், தனியாக, வாய்மொழியாக. 60 பேர் என்றால் 5 மணிநேரம். இரண்டு ஆசிரியர் பிரித்துக்கொண்டால் இரண்டு நாளில் வேறு வேலையோடு சேர்த்தே முடியும். எழுத்துத் தேர்வு வேண்டாம்; பார்த்து எழுதும் பிள்ளையும் வாசிக்கும் பிள்ளையும் அதில் ஒன்றாகத் தெரிவார்கள்.

2. குழு பிரித்தல். எழுத்தும் அறியாதவர், எழுத்து அறிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தியும் கதையும் வாசிப்பவர். மொழிக்கும் கணக்குக்கும் தனித்தனிக் குழு. கணக்கில் முன்னே இருப்பவர் வாசிப்பில் பின்னே இருக்கலாம்.

3. நேரம். நாள்தோறும் ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம், மணி அடித்து மாறும் நிலையான வேளை. காலை உணவு முடிந்த உடனே வைத்தால் வருகையும் கவனமும் கூடுதலாக இருக்கும்.

4. கடைக்கோடிக் குழுவுக்கு அனுபவம் கூடிய ஆசிரியர். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது: தலைமையாசிரியர் ஐந்தாம் வகுப்பை எடுத்துக்கொள்வார், புதியவருக்கு முதல் வகுப்பு.

5. ஒவ்வொரு நாளும் மூன்று செயல்: ஆசிரியர் சத்தமாக வாசித்துக் காட்டுவது, பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிப்பது, வாசித்ததைப் பற்றிப் பேசுவது. எழுத்துக் குழுவுக்கும் கதை வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தை மட்டுமே அரைத்தால் வாசிப்பு எதற்கு என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும்.

6. பத்து நாளுக்கு ஒருமுறை மறுசோதனை, குழு மாற்றம். அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும்.

எங்கே தடம் புரளும்?

மறுசோதனை நிற்கும்போதுதான் முதலில் புரளும். குழு மாறாவிட்டால் ‘அரும்பு’ என்பது ஒரு நிலையாக இல்லாமல் பிள்ளையின் பெயராகிவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளை ஓராண்டாக அதே மூலையில் உட்கார்ந்தால், நிலை பிரித்ததே தீங்கு.

அடுத்த ஆபத்து எண்களில். சோதித்த மதிப்பெண்ணை ஆசிரியர் செயலியில் ஏற்றுகிறார். அந்த எண்ணைக் கொண்டே அவரைக் கூட்டத்தில் கேள்வி கேட்கிறார்கள். அடுத்த முறை எண் உயரும். பிள்ளை உயர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழு பிரிக்க எடுக்கும் சோதனையையும் பள்ளியை மதிப்பிட எடுக்கும் சோதனையையும் பிரித்தே வைக்க வேண்டும். முன்னது ஆசிரியரின் ஏட்டிலேயே இருக்கட்டும். பின்னதைப் பிற ஒன்றியத்தைச் சேர்ந்தவர்கள், ஒரு பள்ளிக்குப் பத்துப் பிள்ளைகள் என்று மாதிரி எடுத்துச் செய்யலாம்.

மூன்றாவது, கூடவே பாடத்திட்டத்தையும் முழுதாக முடிக்கச் சொல்வது. இது பீகாரின் ஆகஸ்டுதான். ஒதுக்கிய இரண்டு மணிநேரத்துக்கு ஈடாகப் பாட அளவைக் குறைத்து, அதை எழுத்தில் ஆணையாகக் கொடுக்காதவரை, ஆசிரியர் பயத்தில் புத்தகத்துக்குத் திரும்புவார்.

ஆசிரியரைப் பார்க்க வரும் பயிற்றுநர் விஷயமும் உண்டு. கென்யா 2015 முதல் நாடு முழுவதும் நடத்திய ‘துசோமே’ திட்டத்தில் பிள்ளைக்கு ஒரு புத்தகம், ஆசிரியருக்கு நாள்வாரிக் கையேடு, வகுப்பில் உட்கார்ந்து பார்த்து ஆலோசனை சொல்லும் அலுவலர் என்ற மூன்றும் சேர்ந்து வந்தன. நம் ஊரில் ஆசிரியர் பயிற்றுநர் வந்தால் பெரும்பாலும் பதிவேடு பார்க்கிறார். மூன்று பிள்ளைகளை அழைத்து வாசிக்கச் சொல்லிவிட்டுப் போனாலே அடுத்த வாரம் வகுப்பு வேறு மாதிரி இருக்கும்.

டேப், ஸ்மார்ட் வகுப்பறை பற்றியும் கேட்பார்கள். கருவி அதே பாடத்தை அதே வேகத்தில் திரையில் காட்டினால் கென்யப் பாடநூலின் கதைதான். பிள்ளையின் நிலையைக் கண்டு அதற்கேற்ற பயிற்சி தரும் மென்பொருளுக்கு மட்டும் நல்ல சான்று உண்டு; அதற்கும் சார்ஜர், இணையம், பழுது பார்ப்பவர் மூன்றும் தேவை.

தேர்ச்சி நிறுத்தம் விடையா?

கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019 திருத்தம் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்த மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு இதை நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை முழுத் தேர்ச்சியைத் தொடர்கிறது.

முழுத் தேர்ச்சியால்தான் தரம் கெட்டது என்பது பரவலான நம்பிக்கை. மேலே பார்த்தபடி இடைவெளி விழுவது ஒன்றாம், இரண்டாம் வகுப்பில். அதைச் சுமந்து ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளையை நிறுத்திவைத்தால் அதற்குக் கிடைப்பது இன்னோர் ஆண்டு ஐந்தாம் வகுப்புப் புத்தகம். கொம்பும் துணைக்காலும் அந்தப் புத்தகத்தில் எங்கும் கற்பிக்கப்படுவதில்லை. தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்காரும் கூச்சத்தில் வருகை குறையும். குறைந்த வருகை இடைநிற்றலில் முடியும். எல்லாரையும் மேலே தள்ளிவிட்டுக் கைகழுவுவதும் இதே பிள்ளையைத்தான் கைவிடுகிறது, சத்தமில்லாமல்.

அதே திருத்தத்தில் பலரும் பேசாத ஒரு வரி இருக்கிறது: தேறாத பிள்ளைக்குக் கூடுதல் கற்பித்தல் தந்து, முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் எப்படிக் கழியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வினா விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தும் கழிக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் பத்துப் பத்து நாளாகப் பிரித்து நடத்திய, மொத்தம் ஐம்பது நாளுக்குள் அடங்கிய வாசிப்பு முகாம்களில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் பத்தியோ கதையோ வாசிப்பவர்களின் பங்கு, முகாம் இல்லாத பள்ளிகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கானது. சட்டம் கொடுக்கும் அவகாசமும் அந்த முகாமின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றே. அதற்கு ஐந்தாம் வகுப்பு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. இரண்டாம் வகுப்பின் கடைசி இரண்டு மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.